காரிருளும் ஊமை ராணியும்: வடிவம் மாறும் ‘பொன்னியின் செல்வன்’

அச்சில் வெளிவந்த ஒரு கதை மேடைக்கோ திரைக்கோ ஒலிப்பதிவுக்கோ போகும்போதெல்லாம், எந்தச் சம்பவம் விடுபட்டது, எந்தப் பாத்திரம் காணாமல் போனது என்ற கணக்கெடுப்பே விவாதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு அவசியமானதுதான் என்றாலும், கதை சொல்லும் கலையைப் பொறுத்தவரை அதற்கு முன்பே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: அச்சில் வாசகரைக் கைப்பிடித்து நடத்திச் சென்ற கதைசொல்லியின் வேலையைப் புதிய வடிவத்தில் யார் செய்யப் போகிறார்? இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்ப்பதற்குத் தமிழில் கல்கியின் ‘பொன்னியின் செல்வனை’ விடப் பொருத்தமான படைப்பு கிடைப்பது அரிது. வாராந்தரத் தொடர், மேடை நாடகம், ஒலிநூல், இரண்டு பாகத் திரைப்படம் என்று அது புகாத வடிவம் குறைவு. அத்துடன் ஒவ்வொரு வடிவமும் அதே கதையின் வேறொரு இடத்தில் பலம் பெற்று, வேறொரு இடத்தில் தடுமாறியிருக்கிறது.

‘கல்கி’ வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கிய அந்தத் தொடர் 1954 மே மாதம் வரை ஓடியது. தொடர் முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் ஆசிரியர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி காலமானார். ஐந்து பாகங்களில் 293 அத்தியாயங்கள் கொண்ட அந்தப் படைப்பு, புத்தகமாகப் படிக்கப்படுவதற்கு முன்னால் வாரத்துக்கு ஒரு தவணையாகக் காத்திருந்து படிக்கப்பட்டது என்பதை மறந்துவிட்டால், அதன் கட்டுமானமே புரியாமல் போய்விடும். ஒவ்வொரு தவணையும் ஏழு நாள் இடைவெளியைத் தாங்கியாக வேண்டும். சென்ற வாரம் விட்ட இடத்தை வாசகர் மறந்திருக்கலாம். புதிதாக ஒருவர் நடுவிலிருந்தே படிக்கத் தொடங்கியிருக்கலாம். இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கூட்டிச் செல்வதற்காகக் கல்கி உருவாக்கிக்கொண்ட கருவிதான் வாசகரை நேராக அழைத்துப் பேசும் அந்தக் கதைசொல்லிக் குரல். அது கதைக்குள் இருக்கும் பாத்திரம் அன்று. ஆனால் கதையில் வரும் எந்தப் பாத்திரத்தையும்விட வாசகருக்கு நெருக்கமானது. முதல் அத்தியாயமான ‘ஆடித் திருநாள்’ தொடங்கும்போதே அந்தக் குரல் வாசகரைத் தன்னுடன் காலத்தில் பின்னோக்கிப் பயணம் வருமாறு அழைக்கிறது. பிறகு வீரநாராயண ஏரிக்கரையில் குதிரைமேல் வரும் வல்லவரையன் வந்தியத்தேவனைக் காட்டிவிட்டு, சற்றே ஒதுங்கிக்கொள்கிறது. வேண்டும்போது திரும்பி வந்து பழைய சோழ வரலாற்றைச் சொல்கிறது, ஒரு பாத்திரத்தை அந்தரத்தில் நிறுத்திவிட்டு மற்றொன்றைத் தேடிப் போகலாம் என்கிறது.

அந்தக் காலத்தில் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் வழக்கம் பரவலாக இருந்தது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். கல்கியின் உரைநடை காதுக்கு இதமாக இருப்பது தற்செயல் அன்று. கதாகாலட்சேபம், வில்லுப்பாட்டு ஆகியவற்றைக் கேட்டு வளர்ந்த சமூகத்துக்கு, அச்சு வழியாகவும் ஒரு குரலையே அவர் அனுப்பிவைத்தார். அந்தக் குரலை இழக்கும் எந்த வடிவமும், அதற்கு ஈடாக வேறொன்றைக் கொடுத்தாக வேண்டும்.

அந்தக் குரல் செய்யும் வேலைகளில் தலையாயது மறைப்பது. கடம்பூர் சம்புவரையர் மாளிகையில் நடுநிசியில் கூடும் சிற்றரசர்களின் கூட்டத்தை வந்தியத்தேவன் மறைந்திருந்து பார்க்கும் பகுதி இதற்கு நல்ல சான்று. பழுவூர் இளையராணியின் மூடுபல்லக்கு என்று எல்லாரும் நம்பிய பல்லக்கிலிருந்து, அரியணைக்கு உரிமை கோரும் மதுராந்தகன் இறங்குகிறான். நூலின் எட்டாம் அத்தியாயத்துக்கு ‘பல்லக்கில் யார்?’ என்றே தலைப்பு. முந்தைய அத்தியாயங்களில் விதைத்த ஐயத்தைத் தலைப்பிலேயே கேள்வியாக எழுப்பி, வாசகரின் ஆர்வத்தைத் திரையோடு கட்டிவைக்கிறார் ஆசிரியர். சொற்களால் கதை சொல்பவருக்கு இங்கே ஒரு பெரும் வசதி இருக்கிறது. அவர் ‘ஒரு மனிதர் இறங்கினார்’ என்று எழுதலாம். அந்த மனிதருக்கு முகம் தராமலே பல வரிகளை ஓட்டலாம். கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. அது ஒருவரைக் காட்டினால் முகத்தோடும் உடையோடும் வயதோடும்தான் காட்டும். அந்த முகம் பார்வையாளருக்கு ஏற்கெனவே தெரிந்த நடிகரின் முகமாக இருந்தால், மர்மம் போஸ்டரிலேயே முடிந்துவிட்டது என்றுதான் பொருள்.

மேடைக்கு வந்த கதை

1999-இல் மேஜிக் லான்டர்ன் நாடகக் குழு சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திறந்தவெளியில் இந்தக் கதையை மேடையேற்றியபோது, அதற்கு நாடக வடிவம் தந்தவர் இளங்கோ குமரவேல். பல ஆண்டுகள் கழித்து மணிரத்னத்தின் திரைப்படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களிலும் அவர் ஒருவர். ஒரே கதையை ஒரே எழுத்தாளர் இரண்டு வடிவங்களுக்கு மாற்றுவது அபூர்வம் என்பதால், இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன்தரும். மேடையில் பார்வையாளரின் கண் முழு அரங்கையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. குளோசப் எனப்படும், முகத்தை மட்டும் திரை நிறையக் காட்டும் வசதி அங்கே இல்லை. ஆகவே உணர்ச்சியும் தகவலும் வசனத்தின் வழியாகவும் உடலசைவின் வழியாகவுமே வந்து சேர வேண்டும். அதனால்தான் கல்கியின் சொல் விளையாட்டு, குறிப்பாக ஆழ்வார்க்கடியான் நம்பியின் வாதச் சண்டைகளும் வந்தியத்தேவனின் வாய்த்துடுக்கும், மேடையில் இயல்பாகவே பொருந்திக்கொள்கின்றன. இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று சொல்லால் மோதுவது நாடகத்தின் அடிப்படை இயக்கம். அதே மோதல் திரையில் நீண்டால் கதை நின்றுவிட்டதுபோலத் தோன்றும்.

திரைக்கு வந்த வழி நெடியது. எம்.ஜி.ஆர். 1950-களின் இறுதியில் படமாக்கும் உரிமையைப் பெற்றும் முயற்சி நிறைவேறவில்லை. இறுதியில் மணிரத்னத்தின் இயக்கத்தில் முதல் பாகம் 2022 செப்டம்பர் 30 அன்றும், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல் 28 அன்றும் வெளியாயின. ஒவ்வொன்றும் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம்; அதாவது 293 அத்தியாயங்களுக்கு ஐந்தரை மணி நேரம். இந்த விகிதத்தில் சம்பவங்களைச் சுருக்குவது மட்டும் போதாது, கதையின் மையத்தையே நகர்த்த வேண்டியிருக்கும். கமல்ஹாசனின் பின்னணிக் குரல் தொடக்கத்தில் வால்நட்சத்திரத்தையும் சோழர் குடும்பத்தையும் அறிமுகப்படுத்திவிட்டு விலகிக்கொள்கிறது. பின்னணிக் குரல் என்பது காட்சியில் இல்லாத ஒருவர் காட்சிக்கு மேலாகப் பேசுவது. கல்கியின் கதைசொல்லிக்குத் திரையில் கிடைத்த இடம் ஏறக்குறைய அவ்வளவே. நூலில் நெடுநேரம் கழித்தே நேரில் காணக் கிடைக்கும் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைப் படம் தொடக்கப் போர்க்களத்திலேயே நிறுத்துகிறது. ஏரிக்கரையும் ஆடிப் பெருக்கும் ஒரு பாடலுக்குள் அடங்கிவிடுகின்றன. வாரத் தொடர் மெதுவாகக் கூட்டிச் சேர்த்த ஆவலை, படம் முதல் கால் மணி நேரத்துக்குள் சம்பாதித்தாக வேண்டிய நிலையில் இந்த இடமாற்றம் தவிர்க்க முடியாதது. இதைத் துரோகமாகப் பார்ப்பவர்கள், திரையரங்கின் இருட்டில் உட்கார்ந்திருப்பவரின் பொறுமையைத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பவரின் பொறுமையோடு குழப்பிக்கொள்கிறார்கள்.

நீக்கங்களில் சில வேதனை தருபவைதான். சம்புவரையரின் மகள் மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லை. சேந்தன் அமுதன் இருந்தும், உண்மையான உத்தம சோழன் அவனே என்று நூலில் வெளிப்படும் குழந்தை மாற்றக் கதை இல்லை. இந்த இரண்டு இழைகளும் நூலின் கடைசிப் பாகத்தின் உணர்ச்சி எடையைப் பெருமளவு தாங்குபவை. ஆனால் அவை இரண்டுமே மெல்ல மெல்ல ஊறும் தன்மை கொண்டவை. பல வாரங்களுக்கு முன்னால் போட்ட சிறு குறிப்பு பின்னால் பலன் தரும் வகையில் எழுதப்பட்டவை. ஐந்தரை மணி நேரத்தில் அப்படிப்பட்ட குறிப்புகளுக்கு இடம் ஒதுக்கினால், பழுவூர் இளையராணி நந்தினிக்கும் கரிகாலனுக்கும் இடையிலான நெருப்பு தணிந்துவிடும் என்று படைப்பாளர்கள் கணித்திருக்க வேண்டும்.

ஒரு முகம் சொல்வது

திரை எந்த இடத்தில் அச்சை மிஞ்சுகிறது என்பதற்கு ஊமை ராணி மந்தாகினியே விடை. நூலில் அவளால் பேச முடியாது. கல்கி அவளைச் சைகைகளாலும் சித்திரங்களாலும் பேச வைக்கிறார். இலங்கையில் இளவரசன் அருள்மொழிவர்மனுக்கு அவள் தன் கதையை ஓவியங்களின் வழியாக உணர்த்தும் பகுதி, எழுத்தாளர் தம் கருவியின் எல்லையை நன்றாக உணர்ந்து கண்டுபிடித்த வழி. சொல்லில்லாத பெண்ணைச் சொற்களால் மட்டுமே காட்ட வேண்டிய நெருக்கடியில், அவர் படங்களை வரையச் சொல்லி, அந்தப் படங்களைச் சொற்களால் விவரிக்கிறார். நந்தினியின் முகமும் மந்தாகினியின் முகமும் ஒன்றுபோல இருப்பதையும் அவர் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. பாத்திரங்கள் திகைக்கிறார்கள், ஐயுறுகிறார்கள், ஒருவரிடம் ஒருவர் கேட்கிறார்கள்.

திரையில் இந்த உழைப்பு முழுவதும் ஒரே தேர்வால் முடிந்துவிடுகிறது: ஐஸ்வர்யா ராயே இரு பாத்திரங்களிலும் நடிக்கிறார். முதல் பாகத்தின் இறுதியில், கடலுக்குள் நீந்தி வரும் மூதாட்டியின் முகம் தெரியும் அந்தக் கணத்தில், பார்வையாளருக்கு ஒரு வசனமும் தேவைப்படவில்லை. அடுத்த பாகம் வருவதற்கு ஏறக்குறைய ஏழு மாதம் இருந்த நிலையில், அந்த முகமே கல்கியின் ஏழு நாள் இடைவெளியைத் தாங்கிய கொக்கியின் வேலையைச் செய்தது. பேசாத பாத்திரம் கேமராவுக்குக் கிடைத்த வரம். அங்கே வாய் பேசாமலிருப்பது குறையாகத் தெரிவதில்லை, கண்ணைக் கூர்மையாக்குகிறது. நூலைப் பலமுறை படித்தவர்கள்கூட மந்தாகினியின் துயரத்தைத் திரையில்தான் முழுமையாக உணர்ந்தார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

அதே மந்தாகினி ஒலிநூலில் என்ன ஆவாள்? இங்கேதான் ஒலி வடிவத்தின் மிகக் கடினமான சோதனை. ஒலியில், குரல் எழுப்பாத பாத்திரம் அங்கே இல்லாத பாத்திரமாகிவிடும். மற்றவர்கள் பேசும்போது அவள் அருகில் நிற்கிறாள் என்பதைக் கேட்பவர் அரை நிமிடத்தில் மறந்துவிடுவார். கதைசொல்லி இடைமறித்து நினைவூட்ட வேண்டும். அல்லது அவளுடைய இருப்புக்கு மூச்சு, வளையல், காலடி என்று ஏதாவது ஓர் ஓசை அடையாளம் ஏற்படுத்த வேண்டும். அல்லது எதிரில் நிற்பவர் அவளுடைய சைகையை வாய்விட்டுப் படித்துச் சொல்ல வேண்டும். இவற்றில் மூன்றாவது வழியே எளிது. ஆனால் எதிரில் நிற்பவர் ஒவ்வொரு சைகைக்கும் உரை சொல்லத் தொடங்கினால், அந்தப் பெண்ணின் கண்ணியம் குலையும். முதல் வழியே கல்கிக்கு நெருக்கமானது, ஏனெனில் அதற்கான கதைசொல்லி நூலிலேயே தயாராக இருக்கிறார்.

விளக்கு அணையும் இடம்

இதற்கு நேர் எதிரான இடம் கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் இறக்கும் காட்சி. உடையார்குடிக் கல்வெட்டு, கரிகாலனின் கொலைக்குக் காரணமான துரோகிகளாகச் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயர்களைத் தருகிறது. ஆனால் கொலை எப்படி நடந்தது, யாருடைய கை வாளை ஏந்தியது என்பதைச் சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கல்கி நிரப்பாமல் விட்டதே அவருடைய பெரும் துணிச்சல். மறைந்திருக்கும் வந்தியத்தேவனின் கழுத்தை யாரோ நெரிக்கிறார்கள். அறையில் விளக்கு அணைகிறது. இருளில் ஒருவன் விழுகிறான். அதற்குப் பின்னால் மணிமேகலை தன்மேல் பழியைப் போட்டுக்கொள்கிறாள், வந்தியத்தேவன் குற்றம் சாட்டப்படுகிறான், நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் தம் குற்றத்தைச் சொல்கிறார். வாசகருக்கு மட்டும் உறுதியான சாட்சி கிடைப்பதே இல்லை. காரணம், அவரும் அந்த அறையில் இருட்டில்தான் இருந்தார்.

எழுத்தில் விளக்கை அணைப்பது ஒரு வாக்கியம். திரையில் அதே விளக்கை அணைத்தால் பார்வையாளருக்குக் கறுப்புத் திரைதான் மிஞ்சும். சில நொடிகளுக்கு மேல் அதைத் தாங்க முடியாது. இரண்டு படங்களாகக் காத்திருந்து வந்தவர்களுக்கு அந்த மரணத்தைக் காட்டாமல் விடவும் முடியாது. ஆகவே படம் அந்த நிகழ்வைக் கரிகாலனாக நடித்த விக்ரமுக்கும் ஐஸ்வர்யா ராய்க்கும் இடையிலான நெருக்கமான காட்சியாக மாற்றி, முழு எடையையும் இரண்டு முகங்களின்மேல் ஏற்றுகிறது. யார் கொன்றது என்ற கேள்வி பின்வாங்கி, இருவரும் ஒருவருக்கொருவர் என்னவாக இருந்தார்கள் என்ற கேள்வி முன்னால் வருகிறது. காட்சியாக அது வலிமையானது. ஆயினும் கல்கி கட்டிய புதிர் அங்கே இல்லை; இருக்கவும் முடியாது.

ஒலி வடிவத்துக்கோ இருள் இலவசம். கேட்பவர் எப்போதும் இருட்டிலேயே இருக்கிறார். யார் எங்கே நிற்கிறார் என்பதை ஓசையின் தூரத்தைக் கொண்டே ஊகிக்கிறார். மைக்கிற்கு மிக அருகில் வரும் மூச்சுத் திணறல், சற்றுத் தள்ளி ஓர் உலோகம் தரையில் விழும் சத்தம், இன்னும் தள்ளி ஒரு காலடி: இந்த மூன்றும் போதும். வந்தியத்தேவனின் செவியையே கேட்பவரின் செவியாக ஆக்கிவிட்டால், கல்கியின் புதிர் சிதையாமல் அப்படியே வந்து சேரும். ஆனாலும் ஓர் இடர் உண்டு. விளக்கு அணைவதற்கு ஓசை இல்லை. ஒலியில் எப்போதும் இருட்டு என்பதால், இருட்டு வந்த கணத்தைத் தனியே உணர்த்த வேண்டியிருக்கிறது. விளக்குத் தண்டு சாய்ந்து உருளும் ஓசையைச் சேர்க்கலாம்; ஒரு பாத்திரம் பேச்சைப் பாதியில் நிறுத்தலாம்; அல்லது கதைசொல்லியே ஒரே வரியில் சொல்லிவிட்டு மௌனமாகலாம். ஃபோலி எனப்படும், காட்சிக்கேற்ற சிறு ஓசைகளைத் தனியே நிகழ்த்திப் பதிவு செய்யும் வேலையின் அருமை இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

ஒலிக்கு இன்னொரு சிக்கல், குரல்களைப் பிரித்தறிவது. இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’ தொடரில் எஸ். ராமதாஸ் குழுவினர் யாழ்ப்பாணப் பேச்சு, முஸ்லிம்களின் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ் என்று ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு வழக்கைக் கொடுத்ததால், வாயைத் திறந்த கணமே கேட்பவருக்கு ஆள் தெரிந்துவிடும். அந்தத் தொடர் பெற்ற வரவேற்பால் 1976-இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமும் வந்தது. பொன்னியின் செல்வனில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அரண்மனையில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே செந்தமிழைப் பேசுகிறார்கள். பம்பாய் கண்ணன் பல கலைஞர்களின் குரல்களைக் கொண்டு உருவாக்கிய ஒலிநூல் போன்ற முயற்சிகளில், குரலின் கனம், வயது, வேகம் ஆகியவற்றால் மட்டுமே பாத்திரங்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. இந்நூல் நாட்டுடைமையானதால் பலரும் தடையின்றி ஒலி வடிவங்களை உருவாக்க முடிகிறது. அவற்றில் ஒரே ஒருவர் எல்லாப் பாத்திரங்களையும் படிக்கும் பதிவுகளும் நிறைய. வியப்பு என்னவென்றால், அந்த ஒற்றைக் குரல் பதிவுகளே பல சமயம் காதில் நிலைக்கின்றன. கல்கி எழுதியதும் ஒற்றைக் குரல்தானே.

திரைப்படத்தின் ஒலித்தடத்தை மட்டும் எடுத்துச் சுமார் ஒரு மணி நேரமாகச் சுருக்கி வானொலியில் ஒலிபரப்பிய ‘ஒலிச்சித்திரம்’ இந்த வேறுபாட்டைக் காட்டும் நல்ல அளவுகோல். ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘திருவிளையாடல்’ போன்ற படங்கள் கண்ணை மூடிக்கொண்டாலும் புரியும். அவற்றின் வசனங்களுக்கு இசைத்தட்டிலும் கேசட்டிலும் தனி வாழ்க்கை இருந்தது. மணிரத்னத்தின் படத்தை அப்படிக் கேட்டால் பாதிக் கதை தப்பிவிடும். ஜெயமோகனின் வசனங்கள் குறுகியவை. அடுத்த சொல்லைப் பாத்திரத்தின் பார்வையே சொல்லிவிடும் இடத்தில் நின்றுவிடுபவை. முதல் பாகத்துக்கு ஒளிப்பதிவு, பின்னணி இசை, ஒலி வடிவமைப்பு ஆகிய மூன்றுக்கும் தேசிய விருது கிடைத்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது: கதைசொல்லி விட்டுச்சென்ற வேலையை ரவி வர்மனின் கேமராவும், ஏ.ஆர். ரஹ்மானின் இசையும், ஆனந்த் கிருஷ்ணமூர்த்தியின் ஒலியும் பங்கிட்டுக்கொண்டன.

கைபேசியின் செங்குத்துத் திரை இன்னும் இறுக்கமான களம். அகலத்தைவிட உயரம் மிகுந்த அந்தச் சட்டத்துக்குள் இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்தினால் இருவருமே சிறுத்துப்போவார்கள். ஒருவர் முன்னாலும் மற்றவர் பின்னாலும் நின்றால்தான் இடம் போதும். விரல் அடுத்த காணொளிக்குத் தள்ளிவிடும் அபாயம் இருப்பதால், ‘பல்லக்கில் யார்?’ என்ற கேள்வி முதல் இரண்டு மூன்று நொடிகளிலேயே எழுந்தாக வேண்டும். இதற்கு மூடிய பல்லக்கின் திரைச்சீலை ஒன்றே போதும் என்பதைக் கவனிக்க வேண்டும்: முகத்தை மறைக்க முடியாத கேமரா, துணியை மட்டும் காட்டி மறைக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஐந்து பாகம் காத்திருக்கும் பொறுமையை அந்த வடிவத்திடம் எதிர்பார்க்க இயலாது.

விடுபட்ட இழைகளுக்கு இடம் தரக்கூடிய வடிவம் ஒன்று உண்டென்றால் அது வெப் சீரிஸ் எனப்படும் இணையத் தொடர். பல சீசன்களாகப் பிரித்தால் மணிமேகலைக்கும் சேந்தன் அமுதனுக்கும் தாராளமாக நேரம் கிடைக்கும். அத்தியாய முடிவுகளைக் கல்கியே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரு சீசனின் எல்லாப் பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டு, இரவோடு இரவாகப் பார்த்து முடிக்க விடும் ஓ.டி.டி. தளங்களின் பழக்கம் இந்தக் கதைக்குப் பொருந்தாது. மதுராந்தகன் பல்லக்கிலிருந்து இறங்கிய பிறகு அடுத்த பகுதி தானாகவே ஓடத் தொடங்கினால், அந்த இறக்கம் ஒரு தகவலாகச் சுருங்கிவிடும். எடுப்பவர்கள் யாராக இருந்தாலும், வாரத்துக்கு ஒரு பகுதி என்று வெளியிடச் சம்மதிக்கும் தளத்தை முதலில் தேடிக்கொள்வது நல்லது.